மண்டையோடு செய்வினையல்ல: வன்னிக் கல்லறைச் சின்னங்களை எப்படிப் படிப்பது

கேள்வி இதுதான். முல்லைத்தீவுக் கரையோரச் சேமக்காலை ஒன்றில் கிடக்கும் பூட்டனாரின் கல்லறையைத் திருத்திக் கட்ட ஒருவர் கனடாவிலிருந்து வந்திருக்கிறார். பழைய கல்லில் ஒரு நங்கூரம், பின்னிப் பிணைந்த மூன்று ஆங்கில எழுத்துகள், இரண்டு கைகள், சிலுவையின் அடியில் ஒரு மண்டையோடும் குறுக்காக இரண்டு எலும்புகளும் இருக்கின்றன. மண்டையோட்டைக் கண்ட உறவினர் ஒருவர், "இது ஆரோ செய்வினை செய்து வைச்சது, உடைச்சுப் போடுங்கோ" என்றிருக்கிறார். இவற்றுக்கு என்ன அர்த்தம், புதுக் கல்லில் எதை வைப்பது, எதை விடுவது என்று கேட்கிறார்.

முதலில், தயவுசெய்து உடைக்க வேண்டாம். அந்த மண்டையோடு ஆதாமுடையது.

இயேசுவைச் சிலுவையில் அறைந்த மேட்டின் பெயர் கொல்கொதா. மண்டையோட்டு இடம் என்று நற்செய்தியே சொல்கிறது. முதல் மனிதனான ஆதாம் அந்த மேட்டுக்குக் கீழேதான் அடக்கம் செய்யப்பட்டான், மேலிருந்து வழிந்த இயேசுவின் இரத்தம் அவனுடைய மண்டையோட்டில் பட்டது என்பது பழைய கிறிஸ்தவ மரபுக் கதை. பாவத்தால் சாவைக் கொண்டுவந்தவன் கீழே, சாவை வென்றவர் மேலே. அதனால்தான் இயேசு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் காலடியில் ஒரு மண்டையோட்டையும் இரண்டு எலும்புகளையும் வைப்பார்கள். பழைய மரச் சுரூபங்களையும் பெரிய செபமாலைகளின் சிலுவைகளையும் உற்றுப் பார்த்தால் அங்கேயும் இருக்கும். உங்கள் பூட்டனாரின் கல்லில் அது சிலுவைக்கு நேர் கீழே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சந்தேகமே வேண்டாம், அது விசுவாசத்தின் அடையாளம்.

இதே மண்டையோடு சிலுவையில்லாமல் தனியாக இருந்தால் பொருள் வேறு. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கல்லறைகளில் மண்டையோடு, மணல் கடிகாரம், சிறகு முளைத்த மணல் கடிகாரம் என்று வெட்டுவது வழக்கமாக இருந்தது. பார்ப்பவருக்கு "உனக்கும் ஒருநாள் வரும்" என்று சொல்வதுதான் நோக்கம். ஒல்லாந்தர் அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தார்கள். காலி நகரில் அவர்களுடைய பழைய இடுகாட்டு வாசலில் மண்டையோடும் எலும்பும், "சாவை நினை" என்ற பொருளில் இலத்தீன் வாசகமும் இருக்கின்றன. அங்கே ஆதாமும் இல்லை, மீட்பும் இல்லை, எச்சரிக்கை மட்டும்தான். மூன்றாவது அர்த்தம் நமக்கு மின்கம்பத்து அபாயப் பலகையிலிருந்தும் கடற்கொள்ளையர் படங்களிலிருந்தும் வந்தது. உங்கள் உறவினர் அந்த மூன்றாவது கண்ணோடு முதலாவதைப் படித்திருக்கிறார்.

நான் சொல்ல வருவதும் இதைத்தான். கல்லறைச் சின்னத்துக்கு அகராதி போட்டு ஒன்றுக்கு ஒன்று என்று பொருள் எழுத முடியாது. இணையத்தில் அப்படிப் பட்டியல்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் இங்கிலாந்து, அமெரிக்கக் கல்லறைகளை வைத்து எழுதியவை. வன்னிக் கல்லை அவற்றை வைத்துப் படித்தால் பாதி சரிவரும், மீதி பிழைக்கும். யாருடைய கல், எந்தச் சபை, எந்தக் காலம், பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது, வெட்டியவர் எதைப் பார்த்து வெட்டினார் என்பவை தெரிந்தால்தான் சின்னம் வாய் திறக்கும்.

நங்கூரத்துக்கு வருவோம். நம்பிக்கையை ஆன்மாவின் நங்கூரம் என்று எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரம் சொல்கிறது. உரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில், சிலுவையை வெளிப்படையாக வரையாத காலத்திலேயே, கிறிஸ்தவர்கள் நங்கூரத்தைக் கீறி வைத்தார்கள். மேலே இருக்கும் குறுக்குத் தண்டையும் நடுத் தண்டையும் பார்த்தால் சிலுவை மறைந்திருப்பது தெரியும். ஆகவே நங்கூரம் உள்ள கல்லெல்லாம் கடலோடியின் கல் இல்லை. வவுனியாப் பக்கத்தில் கடலையே காணாத ஒரு ஆசிரியருடைய கல்லில் நங்கூரம் இருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் ஆக்கள் கடற்தொழில் ஆக்கள். அப்போது தொழிலையும் குறிக்குமா? குறிக்கலாம். கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. நங்கூரத்தின் வடிவத்தைப் பாருங்கள். மேலே வளையம், குறுக்குத் தண்டு, கீழே இரண்டு பக்கமும் வளைந்த கொழுக்கி என்று கப்பல் நங்கூரம் போல இருந்தால் அது தேவாலயத்துப் படத்திலிருந்தோ மாதிரிப் புத்தகத்திலிருந்தோ வந்த வடிவம். நமது கரையில் வள்ளங்களுக்குப் போடுவது பல கொழுக்கி வைத்த சின்ன இரும்பு நங்கூரம். அந்த வடிவத்தை ஒருவர் சிரமப்பட்டு வெட்டியிருந்தால், செத்தவருடைய வள்ளத்தையும் மனதில் வைத்துத்தான் வெட்டியிருப்பார். நங்கூரத்தில் சங்கிலி அறுந்து தொங்கினால் அது சாவைக் குறிக்கும். கயிறு சுற்றியிருந்தால் பெரும்பாலும் அலங்காரம்தான். மீனும் படகும் அப்படியே இரட்டை வேடம் போடும். மீன் ஆதிக் கிறிஸ்தவரின் இரகசியக் குறி, படகு திருச்சபையின் உருவகம். பாயும் அணியமும் நம்மூர் வள்ளத்தின் சாயலில் இருந்தால் அது வீட்டுக் கதை.

பின்னிய மூன்று எழுத்துகள் ஐ, எச், எஸ் என்றுதான் இருக்க வேண்டும். இதற்கு ஆங்கிலத்தில் ஆளாளுக்கு விரிவு சொல்வார்கள், எல்லாம் பிற்காலக் கற்பனை. இயேசு என்ற பெயரைக் கிரேக்கத்தில் எழுதும்போது வரும் முதல் மூன்று எழுத்துகள் அவை. இரண்டாவது கிரேக்க எழுத்து ஆங்கில எச் போல இருப்பதால்தான் இந்தக் குழப்பம். 1540 இல் அங்கீகாரம் பெற்ற இயேசு சபையினர் அதையே தங்கள் முத்திரையாக்கினார்கள். அதற்காக உங்கள் பூட்டனாரை இயேசு சபையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. திருப்பலி உடைகளிலும் நற்கருணைப் பேழைக் கதவிலும் எங்கும் இருந்த குறி அது, வெட்டியவர் அங்கிருந்து எடுத்திருப்பார். சிலுவையின் உச்சியில் சின்னப் பலகை போல நான்கு எழுத்துகள் இருந்தால், அது "நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசன்" என்ற இலத்தீன் வாசகத்தின் சுருக்கம்.

இரண்டு கைகள்தான் எனக்குச் சிக்கல். எப்படி இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. கைகுலுக்குவது போல இருந்தால் மணிக்கட்டைப் பாருங்கள். ஒரு சட்டைக் கை மடிப்பு வைத்து நேராகவும், மற்றது சுருக்கும் பின்னலுமாகவும் இருந்தால் கணவன் மனைவி. முதலில் போனவர் மற்றவரை அங்கே வரவேற்கிறார், அல்லது இங்கே விடைபெறுகிறார். பிரித்தானியர் காலத்தில் இது மிகப் பரவலான வடிவம். கைகள் எக்ஸ் எழுத்துப் போலக் குறுக்கே விழுந்து, உள்ளங்கையில் காயத் துளை இருந்து, ஒரு கை வெறுங்கையாகவும் மற்றது அங்கிக் கையோடும் இருந்தால் கதை வேறு. அது பிரான்சிஸ்கன் சபையின் முத்திரை. வெறுங்கை கிறிஸ்துவுடையது, அங்கிக் கை ஐந்து காயம் பெற்ற பிரான்சிஸ் அசிசியாருடையது. ஒரே கை மேலே விரல் நீட்டினால் "அங்கே போனார்" என்று பொருள். மேகத்திலிருந்து கை கீழே நீண்டால் கடவுள் அழைத்தார் என்று பொருள்.

நீங்கள் நேரில் பார்த்தும் சொல்ல முடியாமல் இருந்திருக்கலாம், அதற்குக் காரணமும் தெரியும். ஒவ்வொரு கார்த்திகை (நவம்பர்) மாதமும் இரண்டாம் திகதி சகல ஆத்துமாக்களின் திருநாளுக்கு முன்னால் நாங்கள் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். புல் செருக்கி, மண் போட்டு, மெழுகுதிரி கொளுத்தி, பூ வைப்பது அன்பு. ஆனால் ஆண்டாண்டாக அடித்த சுண்ணாம்பு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, விரல்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தையெல்லாம் அடைத்துவிடும். முதலில் நகம் போகும், பிறகு விரல் போகும். கடைசியில் கையா, தாமரை மொட்டா, புறாவா என்று தெரியாத ஒரு வெள்ளை மேடு மிஞ்சும். இப்படி ஊதிப்போன புறாவை ஒரு வீட்டார் கோழி என்று நினைத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். அது முழுப்பிழை என்றும் சொல்ல முடியாது, கல்லறையில் சேவலுக்கும் இடமுண்டு. இராயப்பர் என்ற பேதுரு இயேசுவை மறுதலித்தபோது கூவிய சேவல் அது.

இராயப்பர் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்கங்களில் அவர் பெயர் வைத்தவர்கள் நிறைய. அவருடைய குறிகள் குறுக்கே போட்ட இரண்டு திறப்புகள், சேவல், தலைகீழான சிலுவை. கடைசிக் குறியைக் கண்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேய்ப்படத்தை நினைத்து மிரள்கிறார்கள். தன் குருவைப் போல நிமிர்ந்து சாகத் தனக்குத் தகுதியில்லை என்று அவர் தலைகீழாக அறையப்படக் கேட்டார் என்பது மரபு. இதேபோல லீலி மலரும் கையில் பாலனும் என்றால் அந்தோனியார், லீலி மட்டும் என்றால் சூசையப்பர் அல்லது மாதா, அம்புகள் என்றால் செபஸ்தியார், குதிரையும் வாளும் என்றால் சந்தியோகுமையோர் என்ற யாக்கோபு. இறந்தவருடைய திருமுழுக்குப் பெயரையும் ஊர்ப் பாதுகாவலரையும் தெரிந்துகொண்டு போனால் இந்தக் குறிகளில் பாதி அங்கேயே விளங்கிவிடும்.

குருமாரின் கல்லறையில் பூசைப் பாத்திரமும் அதன்மேல் வட்டமாக அப்பமும் இருக்கும். 1847 இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபையினரின் கற்களில் சபையின் பெயர்ச் சுருக்கமான மூன்று எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் காணலாம். குருத்தோலை வெற்றிக்கும் வேதசாட்சிக்கும் உரிய குறி. மன்னார்த் தீவில் 1544 இல் சங்கிலி மன்னனின் ஆணையால் கொல்லப்பட்ட சுமார் 600 கிறிஸ்தவர்களை நினைவுகூரும் தோட்டவெளிப் பக்கம் அந்தக் குறியைக் கண்டால் அதன் கனம் வேறு. மற்ற இடங்களில் அது "சாவை வென்றார்" என்ற பொதுவான பொருளில்தான் வரும்.

கத்தோலிக்கக் கல்லா, சீர்திருத்தத் திருச்சபைக் கல்லா என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். சிலுவையில் உடல் தொங்கினால் முன்னது, வெறுஞ்சிலுவையும் திறந்த வேதாகமமும் நீளமான வசனமும் இருந்தால் பெரும்பாலும் பின்னது. மூன்று படி வைத்த மேடையில் சிலுவை நின்றால் அந்தப் படிகள் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம். பிறந்த திகதிக்கு முன் நட்சத்திரமும் இறந்த திகதிக்கு முன் சின்னச் சிலுவையும் இரு சபையாருக்கும் பொது.

துணி போர்த்திய சாடி, முறிந்த தூண், கவிழ்த்த தீப்பந்தம், ஐவிக் கொடி, தலை தொங்கிய வில்லோ மரம் எல்லாம் பிரித்தானியர் கொண்டுவந்த சரக்கு. பழைய கிரேக்க, உரோமை வடிவங்கள் அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறுபடி மோஸ்தரானபோது இங்கேயும் கப்பலேறின. தூண் முறிந்தால் வயதுக்கு முன் முடிந்த வாழ்வு, தீப்பந்தம் கவிழ்ந்தால் அணைந்த உயிர். வில்லோ மரத்தை வன்னியில் யார் கண்டார்? மாதிரிப் புத்தகத்தில் இருந்தது, வெட்டினார்கள். சாடி மட்டும் நம்மவருக்கு ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துத் துளையிட்டு உடைக்கும் ஊரில், கல்லறைமேல் ஒரு குடம் நிற்பது யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய காட்சியில்லை. மூலைமட்டமும் கவராயமும் சேர்ந்த குறி கண்டால் அவர் மேசனாக வேலை செய்தவர் என்று எழுதிவிடாதீர்கள், அது பிறீமேசன் சங்கத்தின் அடையாளம்.

பிள்ளைகளின் கல்லில் ஆட்டுக்குட்டி, விரியாத ரோசா மொட்டு, சிறகு வைத்த முகம் வரும். ஆட்டுக்குட்டி கொடி பிடித்திருந்தால் அது பிள்ளையைக் குறிப்பதல்ல, உலகின் பாவம் போக்கும் செம்மறியான கிறிஸ்துவைக் குறிப்பது. முல்லைத்தீவில் சுனாமி வந்த 2004 மார்கழி 26 என்ற ஒரே திகதி வரிசையாக நிற்கும் இடங்களில் சின்னம் தேட வேண்டிய தேவையே வராது.

இனி கிறிஸ்தவர் அல்லாதவர்களின் கற்கள். கேள்வி அதைப் பற்றியதல்ல, ஆனாலும் வன்னியைப் பற்றிப் பேசும்போது விட்டுவிட மனமில்லை.

முஸ்லிம் மையவாடிகளில் உருவம் எதுவும் இராது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் கட்டை, அவ்வளவுதான். சில கற்களில் பெயர், ஹிஜ்ரி ஆண்டு, அரபு வசனம், பிறையும் நட்சத்திரமும் இருக்கும். ஆனால் கிடத்திய திசையே ஒரு செய்தி. மையித்தை வலப்பக்கமாகச் சரித்து முகம் கிப்லா என்ற மக்காத் திசையை, நமக்கு மேற்குப் பக்கத்தை, நோக்க வைப்பதால் இரண்டு கட்டைகளும் வடக்குத் தெற்காக நிற்கும். பழைய கிறிஸ்தவக் கல்லறைகள் கிழக்கு மேற்காகக் கிடக்கும், உயிர்த்தெழும்போது முகம் கிழக்கைப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கால் கிழக்கே இருக்கும். எழுத்து முழுவதும் அழிந்த கல்லைக்கூடக் கைபேசியின் திசைகாட்டியை வைத்து ஓரளவு இனங்காணலாம். 1990 ஐப்பசியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பிறகு பராமரிக்க ஆளில்லாமல் காடேறிய மையவாடிகள் மன்னார், முல்லைத்தீவுப் பக்கங்களில் இருந்தன. திரும்பி வந்தவர்கள் பற்றைக்குள் கட்டையைத் தேடும்போது இந்தத் திசைக் கணக்கு உதவும்.

சைவர்கள் எரிப்பவர்கள். அதனால் கல்லில்லை என்பார்கள். உண்மையில் கல் உண்டு, வைத்திருப்பதில்லை. அந்தியேட்டிக் கிரியையில் ஒரு கல்லை இறந்தவராகப் பாவித்துப் பூசை செய்து பிறகு நீரில் விட்டுவிடுவார்கள். துறவிகளையும் குழந்தைகளையும் மட்டும் புதைப்பது வழக்கம். துறவியை இருத்திச் சமாதி வைத்து மேலே சிவலிங்கம் நாட்டினால், அது அவர் சிவத்தோடு கலந்தார் என்று சொல்கிறது. இலிங்கம் வந்த பிறகு அந்த இடம் கல்லறை அல்ல, கோவில். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

மற்றச் சைவருக்குக் கல்லின் வேலையைச் செய்வது 31 ஆம் நாள் வீட்டில் கொடுக்கும் அந்தச் சின்னப் புத்தகம், நம்மூர்க் கல்வெட்டு. அட்டையில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் படம், மேலே ஓம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே மலர்வு, உதிர்வு என்று இரண்டு திகதிகள். உள்ளே பிள்ளையார், தேவாரம், பிறகு திதி வெண்பா. எந்த ஆண்டு, எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்பதையெல்லாம் நாலடிக்குள் அடைத்துவிடும் அந்த வெண்பா. அடுத்த வருடம் திவசம் எப்போது என்று பிள்ளைகள் மறக்கக் கூடாது என்பதுதான் அதன் வேலை. பின்பக்கத்தில் வம்சாவளி. பூட்டன், பூட்டி வரை பெயர் சொல்லும் இப்படியொரு கல்லறைக் கல்லை நான் எந்தச் சேமக்காலையிலும் பார்த்ததில்லை. குறை என்னவென்றால் கடதாசி. 2009 இல் இடத்துக்கு இடம் ஓடியவர்களின் பைகளில் எத்தனை கல்வெட்டு மிஞ்சியிருக்கும்? வன்னியில் இப்போது சில சைவக் குடும்பங்கள் சுடலையோரம் சின்னச் சீமெந்து மேடை கட்டித் தாமரையும் விளக்கும் போட்டுப் பெயர் பதிக்கிறார்கள். வழக்கத்தில் இல்லாத ஒன்று என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை.

இந்தக் கல்லறைகளுக்கெல்லாம் வெகு முன்பே தமிழர் இறந்தவருக்குக் கல் நட்டிருக்கிறார்கள். பெயரும் பெருமையும் எழுதி, மயிற்பீலி சூட்டி, வழிதோறும் நிறுத்திய நடுகல்லை அகநானூறு 131 ஆம் பாட்டு காட்டுகிறது. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை படிமுறையைத் தொல்காப்பியம் சொல்கிறது. வன்னியில் பலருக்கு நடுகல் என்ற இந்தச் சொல் வேறு வழியாக அறிமுகம். விடுதலைப் புலிகள் தங்கள் போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லங்களில் உடல் விதைக்கப்பட்ட இடத்தில் கல்லறையும், உடல் கிடைக்காதவருக்கு நடுகல் எனப்பட்ட நினைவுக்கல்லும் என்று இரண்டு வகை இருந்தன. வரிசை வரிசையாக ஒரே அளவில், தனியாள் விருப்பத்துக்கு இடமில்லாமல் அமைந்தவை அவை. குறியென்று நின்றது கார்த்திகைப் பூ. மாவீரர் நாள் வரும் மழைக்காலத்தில் வேலியோரம் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் கொடி அது. யுத்தம் முடிந்தபின் இராணுவம் அந்த இடங்களை இடித்துவிட்டது. கிளிநொச்சி கனகபுரம் போன்ற இடங்களில் சனங்கள் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் குவித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குவியலில் சின்னம் எது, எழுத்து எது என்று பிரிக்க முடியாது. அதே கிளிநொச்சியில் இராணுவம் கட்டிய நினைவுச்சின்னத்தில் ஒரு கொன்கிறீற் கட்டியைத் துளைத்த குண்டும் வெடிப்பிலிருந்து பூத்த தாமரையும் இருக்கின்றன. சுடலை மேடையில் ஒரு தாய் பதித்த தாமரையும் அதுவும் ஒரே பூத்தான். யாருடைய கல் என்று கேட்காமல் படிக்க முடியாது என்று மேலே சொன்னதற்கு இதைவிட எடுப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

சின்னமே இல்லாத கல்லும் உண்டு. ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடுவில் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் பெயரில் நாட்டப்பட்ட பழைய கல்லில் ஆங்கில வாசகம் மட்டும்தான். அந்த அயலில் பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனை 1803 ஒக்ரோபர் 31 இல் தோற்கடித்தார் என்கிறது. கவனியுங்கள், தோற்கடித்தார் என்றுதான் இருக்கிறது, கொன்றார் என்றில்லை. ஆனால் அதை அவருடைய கல்லறையாகவே நினைத்து வணங்கியவர்கள் பலர். வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895 இல் ஒரு கையேடு எழுதிய ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரிதான் 1913 இல் இலங்கைக் கல்லறைக் கற்களின் வாசகங்களைத் தொகுத்தும் வெளியிட்டார். அவர் பெரும்பாலும் ஐரோப்பியர் கற்களைத்தான் தேடினார். உங்கள் பூட்டனாரைப் போன்றவர்களின் கற்களை எழுதி வைக்க அவரைப் போல ஒருவர் வரவில்லை. ஆகவே புதுப்பிக்கும் முன் நீங்கள் எடுக்கும் படம்தான் முதல் பதிவாக இருக்கும், ஒழுங்காக எடுங்கள்.

எப்படி எடுப்பது? உச்சி வெயிலில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. காலை ஏழு மணிக்கு முன் அல்லது பின்னேரம், வெளிச்சம் கல்லின்மேல் சரிந்து விழும்போது எடுங்கள். முடியாவிட்டால் இரவில் போய் ரோச் லைற்றைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள், காணாமல் போன எழுத்தெல்லாம் நிழலாக எழும்பும். பழைய சுண்ணாம்பை எடுக்க வெறும் தண்ணீரும் நார்த் தும்பும் மூங்கில் சீவலும் போதும். அசிட், கம்பித் தும்பு, பிரஷர் வோஷர் எதையும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். அசிட் பட்டால் சுண்ணாம்போடு மாபிளும் நுரைத்துப் போகும்.

காலம் தெரியவில்லையென்றால் தமிழ் எழுத்தைப் பாருங்கள். லை, ளை, னை, ணை ஆகியவை துதிக்கை போட்ட பழைய வடிவத்தில் இருந்தால் பழைய கல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டு அரசு 1978 இல் எழுத்தைத் திருத்தியது, நாங்கள் அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் பழையதையே எழுதிக்கொண்டிருந்தோம். கத்தோலிக்கருக்கெதிரான ஒல்லாந்தர் சட்டங்கள் நீக்கப்பட்டது 1806 இல்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு முன், ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், இந்தப் பக்கத்தில் வெளிப்படையான கத்தோலிக்கக் கல்லறை எழுப்புவது எளிதல்ல. பங்கின் மரணப் பதிவேடு யுத்தத்தில் தப்பியிருந்தால் அதில் திகதி சரியாக இருக்கும், பங்குத் தந்தையிடம் கேளுங்கள்.

புதுக் கல் விஷயத்தில் என் கருத்து இது. கடைகளில் இப்போது கறுப்புக் கிறனைற்றில் இயந்திரத்தால் எல்லாம் கீறித் தருகிறார்கள். கணினியில் ஆயத்தமாக ஒரு புறா, ஒரு ரோசா, ஒரு சூரிய அஸ்தமனம் வைத்திருக்கிறார்கள். பத்துக் கல்லறைக்குப் பத்தும் ஒரே புறா. அதை எடுக்காதீர்கள். உங்கள் கல்லில் ஏற்கெனவே நான்கு சின்னம் இருக்கிறது, நான்கையும் வைத்திருக்கலாம். பழைய பலகை உடையாமல் இருந்தால் அதைக் கழற்றிப் புது மேடையின் முகப்பிலேயே பதிக்கச் சொல்லுங்கள். வெடித்திருந்தால் மெல்லிய கடதாசியை மேலே வைத்துக் கரியால் உரசி அச்சு எடுத்து, அந்த அச்சைத்தான் வெட்டுபவரிடம் கொடுக்க வேண்டும், கைபேசிப் படத்தை அல்ல. கரி பேப்பரைத் தாண்டிக் கல்லில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இயந்திரக் கீறல் மேலோட்டமானது, அதற்குள் போட்ட பெயின்ற் கடற்காற்றில் கெதியாக உரியும். உளியால் ஆழமாக வெட்டச் சொல்லிக் காசைக் கூடக் கொடுங்கள். மண்டையோட்டை எடுத்துவிடலாமா என்று வெட்டுபவரே கேட்பார். வேண்டாம் என்று சொல்லி, சிலுவைக்கு நேர் கீழே, பழைய அளவிலேயே போடச் சொல்லுங்கள். உறவினருக்கு ஆதாமின் கதையை நீங்கள் சொல்லி அவர் நம்பாவிட்டால், பங்குத் தந்தையைக் கொண்டு சொல்வியுங்கள்.

கைகளின் படம் கிடைத்தால் அனுப்புங்கள். மணிக்கட்டு தெரிய வேண்டும்.